பெருந்தொற்று நாளில் மருத்துவக் கல்லூரி: புதிதாக உள்ளே வருபவர்களுக்கு

என் சித்தி மகள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தபோது, பெட்டி கட்டிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, திரும்ப கொரோனா மாதிரி ஏதாவது வந்தா ஹாஸ்டல்ல என்ன பண்ணணும்?" 2020இல் அவள் ஏழாம் வகுப்பு. எனக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. அவள் போகிற கல்லூரியில் இதற்குப் பதில் சொல்ல மாணவர் யாருமே இருக்க மாட்டார்கள். நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடம் ஹவுஸ் சர்ஜன் என்ற பயிற்சி மருத்துவர் வேலை. ஐந்தரை வருடத்தில் ஹாஸ்டல் மொத்தமும் ஆள் மாறிவிடும். பட்டுத் தெரிந்துகொண்ட பேட்ச் எல்லாம் வெளியே போய்விட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 2020 மார்ச்சில் இறுதியாண்டு மாணவி. ஊரடங்கில் வீட்டுக்குப் போய், டிசம்பரில் திரும்பி வந்து, தேர்வு எழுதி, 2021 மே மாதம் தென்மாவட்ட அரசு மருத்துவமனை ஒன்றில் ஹவுஸ் சர்ஜனாகச் சேர்ந்தேன். தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று என்று கணக்கு வந்தது அந்த மே 21ஆம் தேதிதான். நோயாளிக்குச் சரியாக ஊசி போட எனக்குக் கைவந்ததும் அந்த வாரம்தான்.

எம்.பி.பி.எஸ். மட்டுமல்ல, நர்சிங், லேப் டெக்னீஷியன், பிசியோதெரபி, பார்மசி, சித்தா எதில் சேர்ந்தவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும். நர்சிங் மாணவர்கள் எங்களுக்கு முன்னாலேயே வார்டுக்குள் போய்விடுவார்கள், அவர்கள் இதை இன்னும் கவனமாகப் படிக்க வேண்டும்.

1. முதலில் பயத்தை இடம் மாற்றுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பேட்சில் தொற்று வந்த பலருக்கு, யோசித்துப் பார்த்தால், அது நோயாளியின் கட்டிலருகே வந்த மாதிரித் தெரியவில்லை. டூட்டி ரூமிலும் மெஸ்ஸிலும் வந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். மே கடைசி வாரம், இரவு டூட்டி. உடம்பு முழுவதையும் மூடும் பி.பி.இ. கிட்டுக்குள் ஆறு மணி நேரம் இருந்துவிட்டு நான்கு பேர் டூட்டி ரூமுக்கு வந்தோம். ஜன்னல் திறக்காத ஏ.சி. அறை. ஒருத்தியின் அம்மா உள்ளூர்க்காரர், புளியோதரை கொடுத்தனுப்பியிருந்தார். ஒரே டப்பா, மூன்று ஸ்பூன், மூன்று பேர் முட்டி இடிக்க உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பேசிச் சிரித்தோம். அன்றைக்கு ஒருத்திக்குத் தொண்டை லேசாகக் கரகரத்தது. "ஏ.சி. ஒத்துக்கல" என்றாள். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். ஐந்தாம் நாள் மூன்று பேருக்குப் பாசிட்டிவ், நான் உட்பட. தப்பித்தவள் புளியோதரை பிடிக்காது என்று வராந்தாவில் பிஸ்கட் தின்றுகொண்டு அம்மாவிடம் போன் பேசிக்கொண்டிருந்த நாலாமவள்.

வார்டுக்குள் போகும்போது நமக்குப் பயம் இருக்கும். பயம் இருந்தால் கை ஒழுங்காக வேலை செய்யும். வெளியே வந்ததும் "அப்பாடா" என்று மாஸ்க்கைக் கழற்றுவோம் பாருங்கள், அங்கேதான் மாட்டிக்கொள்கிறோம். கூட இருப்பவர் நம் ஆள், அவரிடம் என்ன இருக்கப்போகிறது என்று தோன்றும். காற்றில் பரவும் கிருமிக்கு நம் ஆள், வெளி ஆள் கிடையாது.

ஆகவே சாப்பாட்டுக்குச் சில விதிகள் வைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கைக் கழற்றும் நேரம் தனியாக இருக்கட்டும். சாப்பிடும்போது பேச வேண்டாம், பேசும்போது சாப்பிட வேண்டாம். மெஸ்ஸில் எதிரெதிரே உட்காராமல் ஒரே பக்கம் பார்த்து, இடம் விட்டு உட்காருங்கள். முடிந்தால் தட்டை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்கோ வராந்தாவுக்கோ போய்விடுங்கள். ஜன்னல் திறக்கும் அறையா, ஏ.சி. அறையா என்றால் வியர்த்தாலும் ஜன்னல் அறைதான். மெஸ் செகரட்டரி உங்கள் தோழியாக இருந்தால், ஒரே மணிக்கு எல்லோரையும் வரவழைக்காமல் வருடவாரியாக நேரம் பிரிக்கச் சொல்லுங்கள். மாணவர்களே நடத்திச் செலவைப் பிரித்துக்கொள்ளும் டிவைடிங் சிஸ்டம் மெஸ்ஸில் இதைச் செய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, ஒரு போர்டும் சாக்பீஸும் போதும்.

2. பெட்டியில் என்ன இருக்க வேண்டும்

சொந்தத் தட்டு, டம்ளர், ஸ்பூன். மின்சாரக் கெட்டில். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். தெர்மாமீட்டர். பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒரு அறைக்கு ஒன்று போதும், ரூம்மேட்டுகள் காசு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாராசிட்டமால், ஓ.ஆர்.எஸ். பாக்கெட். துவைத்தால் சீக்கிரம் காயும் பருத்திச் சட்டை, பேன்ட் மூன்று செட். சோப்புப் போட்டுக் கழுவக்கூடிய ரப்பர் செருப்பு. துணி காயப்போடக் கயிறு. ஆதார், கல்லூரி அடையாள அட்டை, தடுப்பூசிச் சான்று ஆகியவற்றின் நகல் நான்கைந்து.

பழுப்புக் காகிதக் கவர் ஒரு டஜன் வாங்கிப் போடுங்கள். என்95 மாஸ்க் கிடைக்காத நாள் வரும். அப்போது ஐந்து மாஸ்க்கை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தேதி எழுதிய ஒரு காகிதக் கவர், ஒரு நாளைக்கு ஒன்று என்று சுற்றில் விடலாம். ஈரமானது, கிழிந்தது, பட்டை தளர்ந்தது, ரத்தமோ சளியோ பட்டது என்றால் அதற்குச் சுற்றெல்லாம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். பிளாஸ்டிக் கவரில் போடாதீர்கள், உள்ளே வியர்த்து ஊறும். சோப்பில் அலசவும் கூடாது.

மோதிரம், வளையல், கடிகாரம், கம்மலில் தொங்கட்டான் எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். நெயில் பாலிஷும் வேண்டாம். தாடி வைத்திருக்கும் தம்பிகளுக்கு ஒரு கெட்ட செய்தி: தாடி மேல் என்95 ஒட்டாது. வால்வு வைத்த மாஸ்க்கை வாங்காதீர்கள், நீங்கள் விடும் மூச்சு அதன் வழியாக அப்படியே வெளியே போகும்.

இதற்கு நேர்மாறான பெட்டியும் ஒன்று உண்டு. ஹாஸ்டலைக் காலி செய்யச் சொல்லும்போது கட்டும் பெட்டி. 2020 மார்ச் 25 முதல் 21 நாள் ஊரடங்கு என்றார்கள். நாங்கள் அதற்கு முன்பே ஒரு வாரத் துணியோடு பஸ் ஏறியிருந்தோம். திரும்பி வந்தது டிசம்பரில். புத்தகமெல்லாம் அறையிலேயே கிடந்தது. என் ரூம்மேட் வெயிலுக்காகத் திறந்து வைத்துவிட்டுப் போன ஜன்னல் வழியாக இரண்டு மழைக்காலம் உள்ளே வந்து, மெடிசின் புத்தகத்தைப் பருத்திமூட்டை மாதிரி ஆக்கி வைத்திருந்தது. ஆகவே எத்தனை நாள் என்று சொன்னாலும் அந்த வருடத்துப் பாடப்புத்தகம், ரெக்கார்டு நோட்டு, லாக் புக், சான்றிதழ் ஃபைல் நான்கும் உங்களோடு வந்துவிட வேண்டும். முதலாண்டு என்றால் படிப்பதற்கு வாங்கிய மனித எலும்பு செட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பையைத் திறந்து பார்க்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

3. கம்ப்யூட்டரில் உடம்பைப் படிப்பது

ஆன்லைன் வகுப்பைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் தூங்கினோம். முதலாண்டுப் பேட்சுக்கு நிலைமை வேறு. 2020இல் நீட் தேர்வே செப்டம்பர் 13க்குத் தள்ளிப்போய், புதிய பேட்ச் வகுப்புக்கு வந்தது 2021 பிப்ரவரியில். வந்த கொஞ்ச நாளில் இரண்டாம் அலை. டிசெக்‌ஷன் ஹாலில், அதாவது உடலை அறுத்துப் படிக்கும் கூடத்தில், கால் வைத்துப் பழகும் முன்பே வீட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் அவர்கள். போதாததற்கு, தொற்று இருக்குமோ என்ற அச்சத்தில் உடல் தானமும் குறைந்துபோனது.

தியரியைப் பின்னால் பிடித்துவிடலாம், கைவேலையைப் பிடிக்க முடியாது. அதனால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட நாளிலிருந்தே ஒரு நோட்டில் 'செய்யாதவை' என்று பட்டியல் போடுங்கள். தொடை டிசெக்‌ஷன் பார்க்கவில்லை, பி.பி. பார்த்துப் பழகவில்லை, ரத்தம் எடுக்கவில்லை, பிரசவம் பார்க்கவில்லை என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். கல்லூரி திறந்ததும் நான்கு பேர் சேர்ந்து, அந்தத் துறையின் உதவிப் பேராசிரியர் ஒருவரிடம் பட்டியலோடு போய் நில்லுங்கள். "சார், இதெல்லாம் நாங்க பண்ணவே இல்ல" என்று கேட்டு வருகிற மாணவனை விரட்டும் ஆசிரியரை நான் பார்த்ததில்லை. சாயங்காலம் அரை மணி நேரமாவது ஒதுக்குவார்கள். பி.பி. பார்ப்பதை மட்டும் வீட்டிலேயே பழகலாம். தாத்தா பாட்டியை விடச் சிறந்த நோயாளி கிடையாது, நடுவில் காபியும் தருவார்கள்.

வருகைப் பதிவில் கோட்டைவிடாதீர்கள். தியரிக்கு 75 சதவீதம், பிராக்டிகலுக்கு 80 சதவீதம் என்பது விதி. சிக்னல் இல்லாமல் வகுப்பு விட்டுப்போனால் அன்றைக்கே துறைக்கு மெயில் போட்டு, நகலை எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து "எங்க ஊர்ல டவர் இல்ல மேடம்" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள், டவர் உண்மையிலேயே இல்லாவிட்டாலும்.

4. வார்டுக்குள் முதல் நாள்

போவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து, பாத்ரூம் போய்விட்டு வாருங்கள். உள்ளே போனால் ஆறு மணி நேரத்துக்குத் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. வெறும் வயிற்றோடு போனால் மூன்றாம் மணி நேரம் கண் இருட்டும். இட்லி நல்லது. பூரி வேண்டாம், மாஸ்க்குக்குள் ஏப்பம் விட்டவர்களுக்குக் காரணம் தெரியும். மாதவிடாய் நாள் என்றால் பொறுப்பாளரிடம் கூச்சப்படாமல் சொல்லி ஷிப்டை மாற்றிக் கேளுங்கள். கொடுக்காவிட்டால் இரவுக்குப் போடும் பெரிய நாப்கின். எங்கள் யூனிட்டில் சிஸ்டர்கள்தான் இதை முதல் நாளே எங்களைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்கள்.

உடுத்தும் வரிசை உங்கள் மருத்துவமனையில் சுவரில் ஒட்டியிருக்கும். அதைப் பின்பற்றுங்கள், மருத்துவமனைக்கு மருத்துவமனை கொஞ்சம் மாறும். சுவரில் ஒட்டாதவை சில உண்டு. கண்ணாடி போடுபவர்கள் லென்ஸில் சோப்புத் தண்ணீர் தடவிக் காயவைத்துத் துடைத்துவிட்டு, மாஸ்க்கின் மேல் விளிம்பை மூக்கோடு சேர்த்து பிளாஸ்டர் ஒட்டினால் பனி மூடாது. மாஸ்க் போட்டதும் இரண்டு கையையும் குவித்து அதன் மேல் வைத்து ஊதிப் பாருங்கள். கண்ணுக்கோ கன்னத்துக்கோ காற்று வந்தால் இன்னும் உட்காரவில்லை என்று பொருள். முதுகிலும் நெஞ்சிலும் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதச் சொல்லுங்கள். உள்ளே எல்லோரும் ஒரே வெள்ளைப் பொதிதான், டாக்டரா சிஸ்டரா தூய்மைப் பணியாளரா என்று நோயாளிக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

கழற்றும்போதுதான் கவனம் முழுவதும் வேண்டும். ஆறு மணி நேரம் முடிந்திருக்கும், உடம்பெல்லாம் வியர்வை, மூக்கு அரிக்கும், கிழித்தெறியலாம் போல இருக்கும். அந்த நிலையில் தனியாகக் கழற்றாதீர்கள். ஜோடியாகப் போங்கள். ஒருவர் கழற்ற, மற்றவர் நின்று பார்த்து ஒவ்வொரு படியாகச் சொல்ல வேண்டும். என் ஜோடி ஒரு சீனியர் சிஸ்டர். "வெளி கிளவுஸ். கை. இப்ப ஜிப்பு. நிமிந்து நில்லு, அண்ணாந்து பாரு. கை. உள்பக்கம் வெளிய வர்ற மாதிரி உருட்டு, இழுக்காத. கை. கண்ணாடி பின்னால இருந்து. கை." ஒவ்வொரு படிக்கும் நடுவே கையைச் சானிட்டைசரால் தேய்க்க வேண்டும், அவர் 'கை' என்று சொன்னது அதைத்தான். மாஸ்க் கடைசி, அதுவும் அறையை விட்டு வெளியே வந்த பிறகு. முதலில் கீழ்ப்பட்டை, அப்புறம் மேல்பட்டை, முன்பக்கத்தைத் தொடவே கூடாது. பிறகு முழங்கை வரை சோப்பு.

கொரோனா காலத்தில் குப்பைக் கணக்கு இப்படி இருந்தது: மாஸ்க், தலைத்துணி, ஷூ கவர் மஞ்சள் பையில், காகிள்ஸ், ஃபேஸ் ஷீல்டு, கிளவுஸ் சிவப்புப் பையில். மஞ்சள் பை இரட்டையாக இருக்க வேண்டும். தப்பான பையில் போட்டால் அதைப் பிரித்து எடுப்பது ஆயாம்மா. அவர் கையில் நம் கிளவுஸ் அளவுக்குத் தரமான கிளவுஸ் இருக்காது.

5. ஆக்சிஜன் கணக்கு

படிப்பில் யாரும் அழுத்திச் சொல்லித் தராத, ஆனால் இரவு இரண்டு மணிக்குத் தேவைப்படுகிற கணக்கு இது. சின்ன பி டைப் சிலிண்டரில் சுமார் 1,500 லிட்டர் இருக்கும். ஆளுயர ஜம்போ, அதாவது டி டைப்பில் சுமார் 7,000 லிட்டர். பை வைத்த மாஸ்க்கில் நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓடினால் சின்னது 100 நிமிடம், பெரியது ஏழே முக்கால் மணி நேரம். மூக்கு வழியாக வேகமாக ஆக்சிஜன் செலுத்தும் ஹைஃப்ளோவில் 60 லிட்டர் என்று வைத்தால் ஜம்போவே இரண்டு மணி நேரம் தாங்காது. இது முழு சிலிண்டருக்கு. பாதி காலியாக வந்து சேரும் சிலிண்டர்தான் அதிகம், மீட்டரைப் பார்த்துப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். நோயாளியை ஸ்கேனுக்குக் கூட்டிப்போகும் முன், லிப்டுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்து இந்தக் கணக்கைப் போட வேண்டும்.

பை வைத்த மாஸ்க்கில் அந்தப் பை எப்போதும் உப்பியே இருக்க வேண்டும். மூச்சு இழுக்கும்போது ஒட்டிப்போனால் ஓட்டம் போதவில்லை. சேச்சுரேஷன், அதாவது ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, திடீரென்று 78 என்று காட்டினால் ஓடுவதற்கு முன் விரலைத் தொட்டுப் பாருங்கள். சில்லென்று இருந்தாலோ மருதாணி இருந்தாலோ வேறு விரல், இல்லாவிட்டால் காது. ஆனால் நோயாளி திணறிக்கொண்டிருந்தால் விரலை ஆராய்ந்துகொண்டு நிற்காதீர்கள், சீனியரைக் கூப்பிடுங்கள்.

குப்புறப் படுக்கவைப்பது அப்போது பலருக்கு உதவியது. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். கழுத்துக்குக் கீழே ஒன்று, நெஞ்சிலிருந்து தொடை வரை ஒன்றிரண்டு, முழங்காலுக்குக் கீழே இரண்டு என்று தலையணை வேண்டும். அரசு மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு ஐந்து தலையணை எங்கே கிடைக்கும்? வீட்டுக்குப் போன் போட்டுப் போர்வையைச் சுருட்டிக் கொடுத்தனுப்பச் சொன்னோம்.

வார்டில் எங்களிடம் அதிகம் கேட்கப்பட்டது மருந்து அல்ல, சார்ஜர். பதினேழாம் கட்டில் தாத்தா ஒருவர், மாஸ்க்கோடு கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்ல, மூச்சுத்திணறல் என்று நான் பயந்து ஓடினேன். அவர் காட்டியது பட்டன் போனை. அணைந்து கிடந்தது. சின்ன ஊசி முனை சார்ஜர், அந்த மாடியிலேயே யாரிடமும் இல்லை. கடைசியில் செக்யூரிட்டி அண்ணன் வீட்டிலிருந்து கொண்டுவந்தார். போன் உயிர் பெற்றதும் தாத்தா பேசியது: "மாட்டுக்குத் தண்ணி காட்டினியா?" அடுத்த டூட்டியிலிருந்து நான் உள்ளே போகும்போது எல்லா வகை முனையும் வைத்த ஒரு சார்ஜர் ஒயரை எடுத்துப் போனேன். நீங்களும் எடுத்துப்போங்கள்.

வெளியே நிற்கும் நோயாளியின் வீட்டாருக்கு உள்ளே நடப்பது ஒன்றும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு முறையாவது, முடிந்தவரை அதே நேரத்துக்கு, வீட்டுக்குப் போன் போடுங்கள். நோயாளியின் பெயரைச் சொல்லி, கட்டில் எண்ணையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள், ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள். என்ன சாப்பிட்டார், ஆக்சிஜன் நேற்றைவிடக் கூடவா குறைவா என்பதைச் சொன்னால் போதும். "நல்லாயிருவாங்க" என்ற வாக்குறுதியை மட்டும் கொடுக்காதீர்கள். இறப்புச் செய்தியை ஹவுஸ் சர்ஜன் தனியாகச் சொல்லக் கூடாது. அது யூனிட்டின் மருத்துவர் சொல்ல வேண்டியது. "நீயே சொல்லிடும்மா" என்று யாராவது தள்ளினால், "சார், நீங்க பேசுங்க, நான் பக்கத்துல நிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். நான் ஒரு முறை அப்படிச் சொல்லாமல் விட்டேன். அந்தப் போன் அழைப்பு இன்னும் காதில் இருக்கிறது.

6. நேற்றைய சர்க்குலர்

புதிய நோயில் விதிகள் வாரத்துக்கு வாரம் மாறும். கோவிஷீல்டு இரண்டாம் டோஸுக்கு இடைவெளி முதலில் 28 நாள், பிறகு 6 முதல் 8 வாரம், 2021 மே மாதத்தில் 12 முதல் 16 வாரம். 2020 மார்ச்சில் மருத்துவப் பணியாளர்கள் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தை விழுங்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) சொன்னது. குணமானவர்களின் ரத்தத்திலிருந்து எடுக்கும் பிளாஸ்மாவுக்காகக் குடும்பங்கள் ஊர் ஊராக அலைந்தன, 2021 மே 17இல் அது சிகிச்சைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டது. நிலைத்து நின்றது ஆக்சிஜனும், ஆக்சிஜன் தேவைப்படும் கட்டத்தில் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற பழைய, மலிவான ஸ்டீராய்டும். அதையே காய்ச்சல் வந்த முதல் நாளில் மெடிக்கலில் வாங்கிப் போட்டவர்கள், அதிலும் சர்க்கரை இருந்தவர்கள் சிலர், பிறகு கறுப்புப் பூஞ்சை வார்டுக்கு வந்தார்கள்.

எந்த உத்தரவையும் படிக்கும் முன் மேலே உள்ள தேதியைப் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது என்றால் யார் கையெழுத்து என்று பாருங்கள். ஊரில் உங்களை 'டாக்டர்' என்று கூப்பிட்டு மருந்து கேட்பார்கள், முதலாண்டு என்றாலும் விடமாட்டார்கள். "எனக்குத் தெரியாது பெரியப்பா, 104க்குப் போன் பண்ணுங்க" என்று சொல்வதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

7. உங்களுக்கே காய்ச்சல் வந்தால்

மறைக்காதீர்கள். வருகைப் பதிவு போகும், டூட்டி நீளும், மற்றவர்கள் முணுமுணுப்பார்கள் என்று மறைக்கத் தோன்றும். தொண்டைக் கரகரப்பு, உடம்பு வலி, வாசனை தெரியாமை, எது வந்தாலும் அன்றைக்கே வார்டனுக்கும் யூனிட்டுக்கும் சொல்லிவிட்டு சேம்பிள் கொடுங்கள். கொடுக்கும்போது தரும் எண்ணை, எங்கள் காலத்தில் எஸ்.ஆர்.எஃப். ஐ.டி. என்பார்கள், போனில் படம் எடுத்து வையுங்கள். ரிசல்ட் தேடும்போது அது இல்லாமல் ஒன்றும் நடக்காது. முந்தைய இரண்டு நாளில் யாரோடு மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்தீர்கள் என்று பட்டியல் எழுதிக் கொடுங்கள். எங்கள் புளியோதரைப் பட்டியல் நீளமாக இல்லாததுதான் அந்த மாதத்தில் எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல்.

நாள் எண்ணுவது அறிகுறி தொடங்கிய நாளிலிருந்து, ரிசல்ட் வந்த நாளிலிருந்து அல்ல. கொரோனாவில் முதல் வாரக் கடைசியில் 'சரியாகிவிட்டது' என்று தோன்றிய பிறகுதான் சிலருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சேச்சுரேஷன் எழுதி வையுங்கள். ஆறு நிமிடம் அறைக்குள் நடந்துவிட்டும் பாருங்கள். 94க்குக் கீழே போனால் "ஹாஸ்டல்லயே பாத்துக்கலாம்" என்ற பேச்சே வேண்டாம். தனிமையில் இருப்பவரின் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல் போட்டு மூன்று வேளையும் சாப்பாடு வைக்க ஒருவர் பெயரை நியமியுங்கள். 'யாராவது வைப்பார்கள்' என்று விட்டால் யாரும் வைக்க மாட்டார்கள்.

அறைக்குள் பதினான்கு நாள் தனியாக இருப்பது உடம்பைவிட மனசைப் படுத்தும். நான் எட்டாம் நாள் கண்ணாடியைப் பார்த்து ஓ.எஸ்.சி.இ. என்ற செய்முறைத் தேர்வு போல எனக்கே கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். இரவு ஒன்பதுக்கு ஒரு தோழி வராந்தா கடைசியில் நின்றுகொண்டு, நான் ஜன்னலில் நின்றுகொண்டு, கத்திக் கத்திப் பேசுவோம். தூக்கமில்லை, அழுகை நிற்கவில்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற அளவுக்குப் போனால் சைக்கியாட்ரி துறை அதே வளாகத்தில்தான் இருக்கிறது. 104இலும் ஆலோசகர்கள் பேசுவார்கள்.

8. வீட்டாரும் அக்கம்பக்கமும்

2020 ஏப்ரலில் சென்னையில் தொற்றால் இறந்த நரம்பியல் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவரை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. உடன் வேலை பார்த்த மருத்துவர் ஒருவரே நள்ளிரவில் மண்வெட்டி பிடித்துக் குழியை மூட வேண்டியிருந்தது. அதே மாதம் 22ஆம் தேதி, மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம் என்று மத்திய அவசரச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் அடக்கத்தைத் தடுப்பதும் குற்றமாக்கப்பட்டது. சட்டம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னால் வாய்ச்சண்டை போடாமல் கல்லூரி முதல்வர் அலுவலகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

டூட்டி வாரத்தில் வீட்டுக்குப் போகாதீர்கள், வயதானவர்கள் இருந்தால் நிச்சயமாக வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்றால் மாஸ்க்கோடு, ஜன்னல் திறந்த அறையில், தனித் தட்டில். அம்மா கட்டிப்பிடிக்க வருவார். "அம்மா, குளிச்சிட்டு வர்றேன்" என்று சொல்லித் தப்பியுங்கள். எனக்கு நான்கு மாதம் இந்த ஒரு வசனம் ஓடியது.

9. கடைசியாக, காகிதம்

எந்தத் தேதி, எந்த வார்டு, எத்தனை மணி நேரம் என்று டூட்டியை ஒரு நோட்டில் எழுதி, வாரக் கடைசியில் யூனிட் மருத்துவரிடம் கையெழுத்து வாங்குங்கள். 2021 மே 3ஆம் தேதி, கோவிட் டூட்டியில் 100 நாள் முடித்தவர்களுக்கு அரசு வேலை நியமனத்தில் முன்னுரிமை என்று மத்திய அரசு அறிவித்தது. டூட்டி முடிந்த பிறகு பழைய தேதிகளைத் தேடி வார்டு வார்டாக அலைந்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்குக் கையெழுத்துப் போட வேண்டிய மூன்று பேரில் இருவர் அதற்குள் மாறுதலாகிப் போயிருந்தார்கள்.

நோட்டு இருந்தால் டூட்டி சர்டிபிகேட் ஒரே நாளில் கிடைத்துவிடும். இரண்டு நகல் வாங்குங்கள், ஒன்றில் பெயரின் இனிஷியல் தப்பாகத்தான் இருக்கும். செக்‌ஷனுக்குக் காலை பதினொன்றுக்குள் போய்விடுங்கள். மூன்று மணிக்கு மேல் போனால் கிளார்க் இருப்பார், சீல் இருக்கும் பீரோவின் சாவி இருக்காது.